தகரச் சத்தம்

இருபத்தொரு வருடம்.
முதலில் ரேடியோச் செய்தியின் மணி,
இப்போது கைப்பேசி.
ஒன்பது அடித்தால் விழுங்கிவிடுவேன்.
ஒரே ஒரு நாள் தவறியது,
ஏரி பொங்கி வீட்டுக்குள் வந்த அன்று.
மிதந்துபோன மாத்திரை டப்பாவை
மறுநாள் ஒரு படகுக்காரன் கொண்டுவந்து கொடுத்தான்,
ஒன்றும் கேட்காமல்.
டுங்காக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கிருமி எண்ணிக்கையில் அடங்கவில்லை
என்கிறது இரத்தப் பரிசோதனை.
அவ்வளவு குறைவாம்.
பொடிமீன் விற்கிற எங்களுக்கு
எண்ணிக்கையில் அடங்காதது என்றால் ஏராளம்.
முதல் தடவை கேட்டபோது
அழுதுவிட்டேன், பிறகுதான் விளக்கினார்கள்.

இந்த மார்ச்சில்
கூடையோடு மேடு ஏறுகையில்
நெஞ்சின்மேல் யாரோ
ஈர மூட்டை ஒன்றை இறக்கி வைத்தார்கள்.
செருப்பு வார் அறுந்ததுபோல் நடித்துக்
குனிந்து உட்கார்ந்தேன்.
பின்னால் வந்த ஆடு மட்டும்
நம்பாமல் நின்று பார்த்தது.

டாக்டர் கெருபோ
நான் மாத்திரை தொடங்கிய வருடம்
ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பாள்.
சீட்டின் பின்பக்கம் ஒரு குழாய் வரைந்தாள்,
உள்சுவரில் ஒரு வீக்கம் வரைந்தாள்.
"கிருமி தூங்குகிறது, அடோங்கோ.
உடம்புதான் தூங்கவில்லை.
உள்ளே ஒரு சூடு,
எரியவும் இல்லை, அணையவும் இல்லை."
அழற்சி என்றாள்.

நீறு பூத்த நெருப்பை
எனக்கா சொல்லித் தருகிறாய், பெண்ணே?
மீன் புகைபோடும் அடுப்பில்
விடியலில் கைவைத்துப் பழுத்த உள்ளங்கை இது.

என் வயதுப் பெண்களைவிட
இரு மடங்கு ஆபத்து என்றாள்.
என் வயதுப் பெண்களை
எண்ணிப் பார்த்தேன்.
கரையில் மூன்று பேர்.

அபியோ எனக்கு ஆறு நிமிடம் மூத்தவள்.
மாத்திரை எங்கள் ஊருக்கு வருவதற்கு
இரண்டு வருடம் முன்பே போனாள்,
ஒரு கட்டிலில் இருவர் படுத்த வார்டில்.
அவளுக்கு இதயம் நன்றாக இருந்தது.
கடைசியாக நின்றது அதுதான்.
ரத்தக்குழாய் தடிக்கும், வயதாகும்
என்றெல்லாம் பயப்பட
எங்கள் ஆட்களுக்கு அப்போது முறை வரவில்லை.
எனக்கு வந்திருக்கிறது.
இதை யாரிடம் பெருமையாகச் சொல்வது?

புகையை விடு, உப்பைக் குறை என்றாள்.
இரண்டும் போனால்
கருவாடு அழுகிவிடும், நான் என்ன ஆவேன்?
சிரித்தாள். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதினாள்.
கொழுப்புக்கு. சூட்டுக்கும் கொஞ்சம்.
"அணைக்குமா?"
"தணிக்கும்."

தலையணையில் காது வைத்தால்
இப்போது அது கேட்கிறது.
வெளியே காவல்காரர் ஒபுங்காவின் தகரமும்.
படகு இயந்திரம் திருடுபோனது பத்து வருடம் முன்பு.
திருடன் கம்பி எண்ணி, திரும்பி வந்து,
இப்போது தேவாலயத்தில் நாற்காலி போடுகிறான்.
ஒபுங்கா மட்டும்
வேலித் தகரத்தை விடிய விடியத் தட்டுகிறார்,
இருக்கிறேன், இருக்கிறேன் என்று.
தட்டித் தட்டி
அந்தத் தகரத்தில்தான் இப்போது ஓட்டை.

நேற்று எழுந்து போனேன்.
உட்காருங்கள், ஆள் யாரும் இல்லை என்றேன்.
அவர் நம்பவில்லை,
குற்றம் சொல்ல முடியாது.
இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தேன்.
இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கவேண்டியிருந்ததால்
கோலைக் கீழே வைத்தார்.

ஏரி சத்தம் கேட்டது,
ஆகாயத்தாமரைக்குள் ஏதோ தவளை.
அவ்வளவு நேரம்தான்.
கோப்பையைக் கழுவிக் கொடுத்துவிட்டுக்
கோலை எடுத்தார்.

நாளைக்கும் கொண்டுபோகவேண்டும்,
சர்க்கரை குறைவாக.